ஆறாவது நிமிடத்துக்குப் பிறகு

இணையவழியில் கல்லூரிப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் பலர் கேட்கும் கேள்வி இது: "வீடியோ போட்டாயிற்று, பி.டி.எஃப். போட்டாயிற்று, ஞாயிற்றுக்கிழமை நேரலை வகுப்பும் எடுத்தாயிற்று. இருந்தும் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள் சில வாரங்களில் காணாமல் போய்விடுகிறார்கள். அனிமேஷன், வினாடி வினா என்று இன்டராக்டிவாக ஏதாவது சேர்த்தால் நிற்பார்களா சார்?" சேர்க்கலாம். எதை, எந்த இடத்தில் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு டீயில் முடிகிற பேச்சு இல்லை. இன்னொரு டீ சொல்லிவிடுங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் யார் என்று பார்த்துவிடலாம். நாற்பதை நெருங்கும் ஒரு அம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறார். கல்யாணத்தோடு நின்றுபோன படிப்பைத் தொலைநிலைக் கல்வியில் பி.காம். சேர்ந்து மறுபடி தொடங்கியிருக்கிறார். பிள்ளைகள் தூங்கிய பிறகு, பத்து மணிவாக்கில், செல்போனில் பாடத்தைத் திறக்கிறார். அன்று அவருக்குக் கிடைப்பது அரை மணி நேரம், அதிகம் போனால் நாற்பது நிமிடம். நீங்கள் ஏற்றி வைத்திருப்பதோ ஐம்பது நிமிட விரிவுரை. அதில் முதல் எட்டு நிமிடம் சென்ற வாரப் பாடத்தின் நினைவூட்டல். அந்த எட்டு நிமிடத்தில் அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார்? பார்த்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். கைக்கு வேலை இல்லை, யோசனைக்கும் வேலை இல்லை. நாள் முழுக்க உழைத்த உடம்புக்கு அது தூக்கம் வரும் நேரம்.

வயது வந்தோர் கல்வி என்றால் அமெரிக்கரான மால்கம் நோல்ஸின் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1940-களில் பாஸ்டன் நகர ஒய்.எம்.சி.ஏ.வில் மாலை வகுப்புகளுக்குப் பொறுப்பாளராக இருந்தவர். அங்கே நடந்த ஒரு வானியல் வகுப்பைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் வந்து பழைய குறிப்புகளைப் படித்துக்கொண்டே போனார், ஆட்கள் கரைந்தார்கள். அடுத்த முறை, வேறு தொழில் பார்த்துக்கொண்டே வானத்தைக் கவனிப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருந்த ஒருவரை ஆசிரியராகப் போட்டார் நோல்ஸ். அவர் வந்தவர்களை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். மேலே பாருங்கள், எது உங்களுக்கு வியப்பாக இருக்கிறது, எதைத் தெரிந்துகொள்ள ஆசை என்று கேட்டார். அவர்கள் கேட்டதிலிருந்தே பாடத்தைக் கட்டினார். அந்த வகுப்பு நிலைத்தது.

பிற்பாடு 1970-லும் அதற்குப் பின்னும் வெளியான புத்தகங்களில் நோல்ஸ் விரிவாகச் சொன்னதெல்லாம் அந்த மாடியிலேயே இருக்கிறது என்பேன். வளர்ந்தவருக்கு ஒன்றை ஏன் படிக்கிறோம் என்று முதலிலேயே தெரிய வேண்டும். தன் அனுபவத்துக்கு அங்கே இடம் வேண்டும். எந்த வேகத்தில், எந்த வழியில் போவது என்பதில் தனக்கும் ஒரு பிடி வேண்டும். நோல்ஸின் கோட்பாட்டில் விவாதத்துக்குரிய இடங்கள் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கும் இதெல்லாம் பொருந்தும்தானே என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் பதினெட்டு வயதுப் பையன் இவை இல்லாமலும் வகுப்பில் உட்கார்ந்திருப்பான். நம் கணக்கு அம்மா போனை மூடி வைத்துவிடுவார்.

இப்போது வீடியோவுக்கு வருவோம். 2014-ல் எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை எடுத்து மூன்று ஆய்வாளர்கள் அலசினார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், நடுத்தரப் பார்வையாளர் அதில் தங்கியது அதிகபட்சம் ஆறு நிமிடம்தான். இதைப் பிடித்துக்கொண்டு பல கல்லூரிகள் ஐம்பது நிமிட வீடியோவை எட்டுத் துண்டாக வெட்டிப் போட்டுவிட்டு வேலை முடிந்ததாக நினைக்கின்றன. வெட்டுவது நல்லதுதான். ஆனால் அந்த ஆய்வு அளந்தது எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை. பார்த்தவர் கற்றாரா என்பது வேறு கணக்கு. ஆறாவது நிமிடம் முடிந்ததும் அவர் என்ன செய்கிறார் என்பதுதான் நாம் யோசிக்க வேண்டிய இடம்.

அதற்கு ஓரளவு விடை 2013-ல் ஹார்வர்டில் நடந்த ஒரு சோதனையில் இருக்கிறது. புள்ளியியல் பற்றிய 21 நிமிட வீடியோ விரிவுரை. அதை நான்காகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் சிலருக்கு, இப்போது பார்த்ததிலிருந்து சின்னக் கேள்விகள். மற்றவர்களுக்கு அந்தக் கேள்வி கிடையாது. நடுநடுவே நிறுத்தி, இப்போது மனம் பாடத்தில் இருக்கிறதா, வேறெங்காவது போய்விட்டதா என்றும் விசாரித்தார்கள். கேள்வி இல்லாதவர்கள் பத்தில் நான்கு முறை வேறெங்கோ இருந்தார்கள். கேள்வி உள்ளவர்களிடம் அது பாதியாகக் குறைந்தது. குறிப்பெடுத்தது கூடியது, கடைசித் தேர்வில் நினைவும் கூடியது. எனக்கு இதில் மிகவும் பிடித்த முடிவு இன்னொன்று: அடிக்கடி கேள்வியைச் சந்தித்தவர்களுக்குக் கடைசித் தேர்வைப் பற்றிய பயம் குறைவாக இருந்தது. பல வருட இடைவெளிக்குப் பிறகு படிக்க வருகிறவர்களுக்குப் பாடத்தைவிடப் பரீட்சை பயமே பெரிது என்பது தொலைநிலைக் கல்வியில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும்.

மறுபடி பார்ப்பதும் மறுபடி படிப்பதும் ஒரு பொய்யான நம்பிக்கையைத் தரும். ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களையும், ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவிலிருந்து மூன்று முறை எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம் நினைவிருந்தது, படித்தவர்களுக்கு 40. எனக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் படித்தவர்கள்தான். "வீடியோவை மூணு தடவை பாத்தேன் சார், பரீட்சையில ஒண்ணும் வரல" என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கென் கோடிங்கரும் கூட்டாளிகளும் 2015-ல் இதைப் பெரிய அளவில் பார்த்தார்கள். ஜார்ஜியா டெக் நடத்திய உளவியல் அறிமுகப் பாடம். வீடியோவும் உண்டு, செய்து பார்க்கும் பயிற்சிகளும் உண்டு. கூடுதலாக ஒரு பயிற்சி செய்வதற்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு, கூடுதலாக ஒரு வீடியோ பார்ப்பதற்கு உள்ள தொடர்பைவிட ஆறு மடங்கு வலுவாக இருந்தது. இங்கே பயிற்சி என்பது அடுத்த பக்கத்துக்குப் போக ஒரு பொத்தானை அழுத்துவது இல்லை. யோசித்து ஒரு முடிவெடுக்க வேண்டும், எடுத்த முடிவு சரியா என்று உடனே தெரியவும் வேண்டும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-ல் உருவாகி 1971-ல் முதல் மாணவர்களுக்குப் பாடம் தொடங்கியது. பி.பி.சி. தொலைக்காட்சியில் நேரங்கெட்ட நேரத்தில் ஒளிபரப்பான அதன் பாடங்கள் 2006 வரை ஓடின. வெளியே இருந்தவர்களுக்கு அந்தப் பல்கலைக்கழகம் என்றாலே தொலைக்காட்சிதான். ஆனால் அறிவியல் படித்தவர்களின் வீட்டுக்கு மைக்ராஸ்கோப்பும் ரசாயனங்களும் அடங்கிய சோதனைப் பெட்டிகளையும் அனுப்பினார்கள். சாப்பாட்டு மேஜையே ஆய்வுக்கூடம் ஆனது. எழுதி அனுப்பிய ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு ட்யூட்டர் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார். லாரி ஓட்டுநரையும் வீட்டை நிர்வகிக்கும் பெண்ணையும் பட்டம் வரை கொண்டுபோய்ச் சேர்த்ததில் அந்தப் பெட்டிக்கும் அந்தக் குறிப்புக்கும் இருந்த பங்கு, தொலைக்காட்சியின் பங்கைவிடக் குறைவாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

சரி, கையில் ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம். வங்கிச் சரிகட்டும் பட்டியல், அதாவது நம் ஏடும் வங்கியின் ஏடும் காட்டும் இருப்பு ஏன் வேறுபடுகிறது என்று காட்டும் கணக்கு. பி.காம். முதலாண்டிலேயே வரும். வழக்கமாக எப்படி நடத்துகிறோம்? பொருள், நோக்கம், வித்தியாசம் வருவதற்கான காரணங்கள், கூட்ட வேண்டியவை, கழிக்க வேண்டியவை, பிறகு ஒரு கணக்கு. கூட்டு, கழி என்பதை மனப்பாடம் செய்துகொண்டு போய் பரீட்சையில் குழப்பிக்கொள்வார்கள்.

இப்படி மாற்றலாம். பாடத்தைத் திறந்ததும் வரவேற்புரை வேண்டாம். ஒரு கடையின் ரொக்க ஏட்டிலிருந்து ஒரு பக்கம், அதே மாதத்துப் பாஸ்புக் பக்கம், இரண்டும் திரையில். செல்போன் என்பதால் ஒன்றின் கீழ் ஒன்று. ரொக்க ஏட்டில் வங்கி இருப்பு 48,500 ரூபாய். பாஸ்புக்கில் 52,300. முதலாளி கேட்கிறார், எது சரி என்று. ஒரு புத்தகத்தில் இருந்து இன்னொன்றில் இல்லாத வரிகளைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். மூன்று இருக்கும். சரக்குக் கொடுத்தவருக்குக் கொடுத்த 5,000 ரூபாய் செக்கை அவர் இன்னும் வங்கியில் போடவில்லை. நாம் போட்ட 1,000 ரூபாய் செக் இன்னும் வசூலாகவில்லை. வங்கி எடுத்துக்கொண்ட 200 ரூபாய்க் கட்டணம் நம் ஏட்டில் ஏறவில்லை. வேலையில் கணக்கு எழுதுகிறவர் இதை நொடியில் கண்டுபிடிப்பார். பி.காம். பாடத்தில் தனக்கு ஏற்கெனவே ஒன்று தெரிந்திருக்கிறது என்பது அவருக்கு அந்த நிமிடத்தில் புரியும். அந்தத் தெம்பை எந்த அனிமேஷனும் தராது.

அடுத்து, 48,500-இலிருந்து தொடங்கி ஒவ்வொன்றையும் கூட்டுவதா கழிப்பதா என்று அவரே தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தடுக்குகிற இடம் 5,000 ரூபாய் செக். கொடுத்த செக்தானே, கழிக்க வேண்டும் என்று தோன்றும். கழித்தால் கடைசியில் 42,300 வரும். இங்கேதான் பாடம் தயாரிப்பவரின் கவனம் முழுவதும் போக வேண்டும். சிவப்புக் கோடு போட்டு "தவறு, மீண்டும் முயலவும்" என்று காட்டினால் அவர் மீதமிருக்கிற பொத்தானை அழுத்திவிட்டு நகர்ந்துவிடுவார். அதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்: "உங்களுக்கு வந்தது 42,300. பாஸ்புக்கில் 52,300. வித்தியாசம் 10,000. அதைப் பாதியாக்கிப் பாருங்கள், அந்தத் தொகை எந்த வரியில் இருக்கிறது?" பாதியாக்கினால் 5,000. கூட்ட வேண்டியதைக் கழித்தால் பிழை இரட்டிப்பாகத் தெரியும் என்பது பழைய கணக்குப்பிள்ளைகளுக்கு அத்துப்படி. கட்டணத்தைக் கழிக்காமல் கூட்டியிருந்தால் 400 வித்தியாசம் வரும், பாதி 200. வசூலாகாத செக்கைக் கூட்டியிருந்தால் 2,000, பாதி 1,000. ஒவ்வொரு தவறுக்கும் இப்படித் தனிப் பதில் எழுதி வைக்க வேண்டும். படிப்பவர் தன் தவறைத் தானே கண்டுபிடிக்கிறார், நாளைக்குக் கடையிலும் பயன்படுகிற ஒரு வித்தையோடு எழுந்து போகிறார்.

இதற்குப் பிறகு மூன்று நிமிட வீடியோ. ரொக்க ஏடு நம் பார்வை, பாஸ்புக் வங்கியின் பார்வை, நாம் கழித்துவிட்டதை வங்கி இன்னும் கழிக்கவில்லை, ஆகவே வங்கியின் கணக்குக்குப் போக அதைத் திரும்பக் கூட்ட வேண்டும். முன்பே கையை விட்டுப் பார்த்தவருக்கு இந்த மூன்று நிமிடமும் காதில் ஏறும். முதல் முயற்சியிலேயே எல்லாவற்றையும் சரியாகச் செய்தவருக்கு வீடியோவைத் தாண்டிப் போக வழி விடுங்கள். பல தளங்களில் வீடியோவை முன்னே ஓட்டவிடாமல் பூட்டி வைக்கிறார்கள். இருபது வருடம் கணக்கு எழுதியவரை அப்படிக் கட்டிப் போடுவது மரியாதை இல்லை.

கடைசியாக ஒரு வேலை: தான் வேலை செய்யும் இடத்தில் கணக்கு இடித்த ஒரு சம்பவத்தை, பெயரும் உண்மைத் தொகையும் சொல்லாமல், ஒரு நிமிட வாய்ஸ் நோட்டாகப் பதிவிடச் சொல்லுங்கள். எழுதச் சொன்னால் தயங்குவார்கள். தமிழில் டைப் செய்வது பலருக்குக் கஷ்டம், இங்கிலீஷில் எழுதினால் தப்பாகிவிடுமோ என்ற கூச்சம். பேசச் சொன்னால் வந்து கொட்டும். கூட்டுறவுச் சங்கத்தில் இருப்பவர் ஒன்று சொல்வார், பெட்ரோல் பங்கில் இருப்பவர் வேறொன்று சொல்வார். உங்கள் பாடநூலில் இல்லாத உதாரணங்கள் அவை.

கூச்சம் என்று சொன்னேன், அதில் கொஞ்சம் நிற்க வேண்டும். தன் மகன் வயதுப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருப்பவர், நேரலையில் நீங்கள் கேள்வி கேட்டால் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். தெரியாது என்று காட்டிக்கொள்ள மனம் வராது. பயிற்சி அவருக்கு மட்டும் தெரிகிற இடத்தில், எத்தனை முறை வேண்டுமானாலும் தவறலாம் என்ற ஏற்பாட்டோடு இருந்தால் அவர் துணிந்து கையை வைப்பார். முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர்ப் பட்டியல் போடும் வசதி பல மென்பொருட்களில் உண்டு. இவர்களுக்கு நடத்தும் பாடத்தில் அதை அணைத்து வையுங்கள்.

ஆய்வுக்கூடம் தேவைப்படும் பாடங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன், கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-ல் தொடங்கிய ஃபெட் என்ற திட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சிமுலேஷன் பயிற்சிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, தமிழிலும் உண்டு. அதில் மின்சுற்று கட்டும் பயிற்சி ஒன்று. பேட்டரி, பல்பு, ஒயர் எல்லாவற்றையும் விரலால் இழுத்து இணைக்கலாம். கண்ணுக்குத் தெரியாத எலெக்ட்ரான்கள் ஒயருக்குள் நகர்வதும் தெரியும். 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், உண்மையான கருவிகளோடு ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்களைவிட இதில் பழகியவர்கள் கருத்துக் கேள்விகளில் மேலாகச் செய்தார்கள். பிறகு நிஜப் பல்பும் ஒயரும் கொடுத்தபோது அதைக் கட்டுவதிலும் பின்தங்கவில்லை. வீட்டில் இருந்து படிக்கும் எலெக்ட்ரீஷியனுக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை.

சேர்க்கக் கூடாதவை பற்றியும் பேச வேண்டும். பல்லூடகக் கற்றலைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்த ரிச்சர்ட் மேயர் திரும்பத் திரும்பக் காட்டியது, பாடத்துக்குத் தேவையில்லாத சுவாரசியம் கற்றலைக் குறைக்கிறது என்பதை. பின்னணி இசை, துள்ளும் பொம்மை, நடுவில் ஒரு சினிமாத் துணுக்கு, எல்லாமே கவனத்தைப் பங்கு கேட்கும். ஸ்லைடில் உள்ள வரிகளை அப்படியே வாசிப்பதும் அதே வகை. கண் ஒரு வேகத்தில் படிக்க, காது இன்னொரு வேகத்தில் கேட்க, இரண்டும் முட்டிக்கொள்ளும். படத்தைக் காட்டி வாயால் விளக்குங்கள். எழுத்தைப் பெரிதாக வையுங்கள். நாற்பதைத் தாண்டியவருக்குச் சின்னத் திரையில் சின்ன எழுத்து கண்ணாடி போட்டாலும் சிரமம். இழுத்து வைக்கும் பயிற்சியில் பெட்டிகள் நெருக்கமாக இருந்தால் விரல் வேறெங்கோ படும். அப்படி ஒரு தடவை தவறாகிவிட்டால், பாடத்தில் தான் மட்டம் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

கருவிக்குப் பெரிய செலவு இல்லை. ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கி 2002-ல் வெளியான மூடுல், நார்வேயிலிருந்து 2013-ல் வந்த எச்5பி, இரண்டும் திறமூல மென்பொருட்கள். வீடியோவின் நடுவே கேள்வி வைப்பது, பதிலைப் பொறுத்துப் பாதை பிரிவது எல்லாம் எச்5பியிலேயே செய்யலாம். செலவு உங்கள் நேரத்தில்தான். ஒவ்வொரு தவறுக்கும் தனிப் பதில் எழுத ஒரு மாலைப் பொழுது போய்விடும். கல்லூரி நிர்வாகம் ஸ்டுடியோவுக்கும் கேமராவுக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இந்த வேலைக்கான நேரமாக ஆசிரியருக்குக் கொடுக்க வேண்டும் என்று நான் எங்கும் வாதாடுவேன். எழுதிய கேள்விகளையும் பதில்களையும் ஒரு சாதாரணக் கோப்பிலும் சேமித்து வையுங்கள். 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் நிறுத்தியபோது, உலகெங்கும் ஆசிரியர்கள் வருடக்கணக்கில் செய்து வைத்திருந்த பயிற்சிகள் திறக்க முடியாமல் போயின.

எல்லாப் பாடத்தையும் ஒரே பருவத்தில் மாற்ற முயலாதீர்கள். விடைத்தாள் திருத்தும்போது எந்த இடத்தில் எல்லோரும் ஒரே மாதிரி தவறுகிறார்கள் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அந்த ஒரு பாடத்தை எடுங்கள். பயிற்சியைப் போட்ட பிறகு வாரக் கடைசியில் பதில்களைத் திறந்து பாருங்கள். யார் எத்தனை மதிப்பெண் என்பதை விடுங்கள், எந்தத் தவறான விடையை அதிகம் பேர் தொட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பாதிப் பேர் 42,300-இல் நின்றிருந்தால் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அந்த 5,000 ரூபாய் செக்கை முதலில் எடுங்கள். மற்றதெல்லாம் வீடியோவிலேயே இருக்கிறது.